பால்வாடியும் நர்சரியும்: பிள்ளை சேர்க்கும் இரண்டு வழிகள்

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே தேனி மாவட்டத்தின் போடி வட்டாரத்து ஊர்களில் தெருவிளக்கடியில் பெண்கள் கூடிவிடுவார்கள். கையில் தூக்குவாளி, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, குளிருக்குத் தலையைச் சுற்றிய துண்டு. ஜீப் வந்ததும் நெருக்கியடித்து ஏறுவார்கள். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்கி, பொழுது சாயும் நேரத்துக்குத்தான் ஊர் திரும்புவார்கள். "மலைக்குப் போயிருக்கா" என்று இங்கே ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் அதன் பொருள் இதுதான். மலையடிவாரத்துச் சிலமலையிலும் பல வீடுகளின் நாள் அந்த ஜீப்பின் ஹாரனில்தான் தொடங்குகிறது.

தாய் ஜீப்பில் ஏறும்போது அவளுடைய மூன்று வயதுப் பிள்ளை தூக்கத்தில் இருக்கும். அது எழுந்ததும் முகம் கழுவி, இட்லியோ கஞ்சியோ ஊட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விடுவது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். எங்கே விடுவது? இந்த ஊர்களில் அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று அரசின் அங்கன்வாடி. மக்கள் வாயில் அது இன்னும் பால்வாடிதான். மற்றொன்று தனியார் நடத்தும் நர்சரி.

"கையில் காசில்லை, பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது?" சிறிய நர்சரி நடத்துகிற ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஏப்ரலில் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடையை விளம்பரக்காரர்களிடம் தேடுகிறோம். ஆனால் விளம்பரத்துக்கென்று ஒரு காசும் வைத்துக்கொள்ளாமல் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை சேர்த்துவரும் நிறுவனம் அடுத்த தெருவிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யார் அழைக்கிறார்கள், எப்போது அழைக்கிறார்கள், யாரை அழைக்கிறார்கள், வந்த பிள்ளை எவ்வளவு காலம் தங்குகிறது என்ற கேள்விகளை நேரம், சொல், நம்பிக்கை என்ற மூன்று கற்களில் உரசிப் பார்க்கலாம்.

வளைகாப்பில் தொடங்கும் சேர்க்கை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு நடந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதல் அடி வைத்தது. அப்போது போடியும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயதுப் பிள்ளைகளிலிருந்தே சோறு போட்டது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

இவற்றின் சேர்க்கை முறையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. ஒரு பெண் கர்ப்பமானதும் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. சத்துமாவு கிடைக்கிறது. மற்றக் கர்ப்பிணிகளோடு சேர்த்து உட்கார வைத்து வளையல் அடுக்கிச் சமுதாய வளைகாப்பு நடத்துகிறார்கள். பிள்ளை பிறந்தபின் மாதந்தோறும் எடை பார்க்கிறார்கள். எடை குறைந்தால் பால்வாடி டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்கிறார். இரண்டு வயதில் அந்தப் பிள்ளை வாசற்படியேறும்போது டீச்சரின் முகம் அதற்குப் புதிதாக இருப்பதில்லை. எடைத் தொட்டிலில் படுத்தபடி பல மாதங்கள் பார்த்த முகம்தான் அது.

இந்த முறையில் செலவு குறைவு. ஆனால் உழைப்பு அதிகம். ஒவ்வொரு வீட்டின் நடையிலும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். எந்த வீட்டில் எத்தனை மாதப் பிள்ளை, எந்த வீட்டில் மாமியாருக்கு முழங்கால் வலி, யார் மலைக்குப் போகிறார்கள், யார் திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் நாவில் இருக்க வேண்டும். விளம்பர நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்துத் திரட்டும் தகவலைப் பால்வாடி டீச்சர் நடந்தே திரட்டி வைத்திருக்கிறார்.

மே மாதத்து அழைப்பு

நர்சரியின் வழி வேறு. பொதுத்தேர்வு முடிந்து வெயில் ஏறியதும் அது வேகமெடுக்கும். பேருந்து நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் எழும்பும். நாளிதழுக்குள் வண்ண நோட்டீஸ் செருகப்படும். ஆட்டோவில் மைக் கட்டி "அட்மிஷன் நடைபெறுகிறது" என்று தெருத்தெருவாகச் சொல்வார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆண்டு விழாப் படங்கள் ஓடும். ஆங்கிலவழி, வேன் வசதி, சீருடை, ஸ்மார்ட் வகுப்பு: எந்த நோட்டீஸை எடுத்தாலும் இந்த நான்கும் இருக்கும்.

இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. பெற்றோரின் ஆசை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை நர்சரிகள்தான் முதலில் புரிந்துகொண்டன. தோட்டத்தில் குனிந்து காய் எடுக்கும் தாய், தன் மகள் குனியக் கூடாது என்று நினைக்கிறாள். அந்த நினைப்புக்கு அவள் கண்ட பெயர் எல்.கே.ஜி. பால்வாடியைப் பற்றிக் கேட்டால், "அங்க சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க, படிப்பு இல்ல" என்று பலரும் சொல்கிறார்கள். "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்ற பெயரில் அங்கன்வாடிகளுக்கென்றே பாடத்திட்டம் இருப்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. இருப்பதை எடுத்துக் காட்டப் பால்வாடி கற்றுக்கொள்ளவே இல்லை. நர்சரிக்கோ எடுத்துக் காட்டுவது கைவந்த கலை.

அரசும் இதை உணர்ந்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022-இல் அவற்றை நிறுத்தப்போவதாகப் பேச்சு எழுந்ததும் எதிர்ப்பு கிளம்பியது; வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அழைக்கும் கலையில் நர்சரியிடம் பால்வாடி பாடம் கேட்ட இடம் இது. நர்சரி பால்வாடியிடம் கேட்க வேண்டிய பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

நேரம்

இரண்டையும் உரசிப் பார்க்க முதல் கல் நேரம். நோட்டீஸ் நாளிதழோடு வருகிறது. நாளிதழ் வீட்டு வாசலில் விழுவதற்குள் ஜீப் கிளம்பிவிடுகிறது. பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய தாயின் கைக்கு அந்த நோட்டீஸ் போய்ச் சேர்வதில்லை. டீக்கடை பெஞ்சில் கிடந்து, வடை மடிக்கும் தாளாக முடிகிறது. மைக் ஆட்டோ பகல் பதினொரு மணிக்குத் தெருவைச் சுற்றும்போது தெருவில் இருப்பவர்கள் முதியவர்கள்தான். நர்சரி செலவழித்தது உண்மை; ஆனால் அது அழைத்த நேரத்தில் வீட்டில் ஆளில்லை.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஏலக்காய் ஒரே நாளில் பறித்து முடிக்கும் பயிரில்லை. ஆடி, ஆவணி வாக்கில் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக எடுப்பார்கள். ஜூனில் கட்டணம் கேட்கும்போது பல வீடுகளில் கை வறண்டிருக்கும். விஜயதசமி வரும்போது காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும், கையில் கூலி புரளும். எழுத்தறிவிக்க ஊரே நல்ல நாளாகக் கருதும் அந்த நாளைச் சிறிய நர்சரிகள் சடங்காக மட்டும் கடத்திவிடுகின்றன. மே மாதத்துக்கு ஒதுக்கும் கவனத்தில் பாதியை விஜயதசமிக்கு மாற்றினாலே போதும், இரண்டாவது சேர்க்கைக் காலம் கிடைத்துவிடும்.

ஆனால் நேரத்தில் பால்வாடியும் தோற்கிறது. அதன் கதவு ஒன்பது மணி வாக்கில்தான் திறக்கிறது. ஜீப் போனதிலிருந்து கதவு திறப்பது வரை நான்கு மணி நேரம், மாலையில் மையம் மூடியதிலிருந்து ஜீப் திரும்பும் வரை இன்னும் சில மணி நேரம். இந்த இடைவெளியைத் தன் தலையில் சுமப்பவள் பாட்டி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. காப்பகம் மலைமேல் இருந்தாலும் நம் பெண்களின் பிள்ளைகள் மலைக்குக் கீழே இருக்கிறார்கள். இருட்டில் கிளம்பும் ஜீப்பில் பச்சைப்பிள்ளையை யார் ஏற்றிக்கொண்டு போவார்கள்?

தாயின் வேலை நேரத்துக்கு மையத்தின் நேரத்தைப் பொருத்தியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். 1969-இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே கூடாரம் போட்டுத் தொடங்கியதுதான் மொபைல் கிரெஷஸ் என்னும் பிள்ளைக் காப்பக அமைப்பு. குஜராத்தின் சேவா என்னும் பெண் தொழிலாளர் அமைப்பு நடத்தும் மையங்கள், பீடி சுற்றும் பெண்ணும் வயலுக்குப் போகும் பெண்ணும் எப்போது கிளம்புகிறார்களோ அதற்கேற்பத் திறக்கின்றன. பிள்ளை சேரவில்லை என்ற பேச்சு அத்தகைய இடங்களில் எழ வாய்ப்பே குறைவு.

சொல்

இரண்டாவது கல் மொழி. நர்சரியின் நோட்டீஸில் முக்கால்வாசி ஆங்கிலச் சொற்கள். அதைக் கையில் வாங்கும் அப்பத்தா படத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார். பிள்ளையை எங்கே விடுவது என்பதில் அவர் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை நோட்டீஸ் அச்சடித்தவர் எண்ணிப் பார்க்கவில்லை. தினமும் நடந்து கொண்டுவிடப்போகிறவர் அவர். வாசலில் ஒரு முறை முகம் சுளித்தால் அடுத்த நாள் பிள்ளைக்குக் "காய்ச்சல்" வந்துவிடும்.

பால்வாடி பேசுவது வீட்டு மொழி. போடி வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு. உள்ளூர் டீச்சருக்கு அந்தப் பிள்ளை தண்ணீரை என்ன சொல்லிக் கேட்கும் என்பது தெரியும். மூன்று வயதில் பள்ளி பிடித்துப்போவதற்கும் அழுது அடம்பிடிப்பதற்கும் இடையே உள்ள தூரம் பல நேரம் இந்த ஒரு சொல்தான். ஆங்கிலத்தை விரும்பும் பெற்றோரின் ஆசை நியாயமானது. ஆனால் பிள்ளை அழாமல் உள்ளே வருவதற்கு வீட்டுச் சொல் வேண்டும். ஆங்கிலப் பாட்டு அதன் பின்னால் வரட்டும்.

நம்பிக்கை

மூன்றாவது கல் நம்பிக்கை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளிக் கட்டடத்தில் 94 பிள்ளைகள் தீயில் மடிந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் எந்தத் தாயும் பள்ளி வாசலில் நின்றால் ஒரு முறை கூரையை அண்ணாந்து பார்ப்பாள். 2015-இல் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று அரசு விதித்தொகுப்பு கொண்டுவந்து, அங்கீகாரம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. அங்கீகாரச் சான்று, தீயணைப்புச் சான்று, எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா என்ற கணக்கு, கழிப்பறை எங்கே இருக்கிறது என்ற விவரம்: ஒரு தாய்க்குத் தேவையான இந்தச் செய்திகள் பேனரில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளையின் சிரித்த முகம் இடம்பெறுகிறது.

பேனரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையில் வைத்திருந்த பேனர் சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். பிள்ளைகளைக் காப்போம் என்று சொல்கிற ஒரு நிறுவனம், அனுமதியில்லாத பேனரைச் சாலையோரத்தில் கட்டித் தன் பணியைத் தொடங்கக் கூடாது.

பால்வாடி நம்பிக்கையை விளம்பரத்தால் பெறவில்லை. தெருவுக்குத் தெரிந்த ஒருவர், வேளைக்குச் சோறு, வாரத்தில் சில நாள் முட்டை, மாதம் ஒரு முறை எடை என்று நாள் தவறாமல் செய்ததால் பெற்றது. அது எங்கே நம்பிக்கையை இழக்கிறதோ, அங்கே கட்டடம் ஒழுகுகிறது அல்லது டீச்சருக்கு வேறு அரசு வேலைகள் குவிகின்றன. அதைச் சீர்செய்வது அரசின் கடமை.

போர்டியின் முற்றம்

இந்த இரண்டு வழிகளும் சந்தித்த ஓர் இடம் வரலாற்றில் உண்டு. மாண்டிசோரி முறையில் தேர்ந்த தாராபாய் மோடக், 1945-இல் மராட்டியக் கடலோரச் சிற்றூரான போர்டியில் கிராமப் பிள்ளைகளுக்கு மழலையர் பள்ளி தொடங்கினார். அனுதாய் வாக் அவரோடு சேர்ந்து உழைத்தார். பள்ளி திறந்திருந்தது, ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் வரவில்லை. தாராபாய் பள்ளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே போனார். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகக் கிளிஞ்சல், விதை, இலை, கூழாங்கல் போதும் என்று காட்டினார். முற்றத்துக்கு மராட்டியில் அங்கண் என்று பெயர். அங்கன்வாடி என்ற சொல் பிறந்த கதை இதுதான். பின்னர் 1957-இல் கோஸ்பாட் மலைக்கு இடம் மாறியபோது, மாடு மேய்க்கும் ஆதிவாசிப் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது.

அழைத்தும் பிள்ளை வராவிட்டால் அழைப்பைப் பெரிதாக்குவது ஒரு வழி. பிள்ளை ஏன் வரவில்லை என்று பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. தாராபாய் இரண்டாவதைச் செய்தார். சிலமலைக்கும் அதுவே பொருந்தும்.

குறைந்த செலவில் செய்யக்கூடியவை

சிறிய நர்சரி நடத்துவோர் பால்வாடியின் வழியைத் தங்கள் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் வேலை, சுற்றியுள்ள நான்கைந்து தெருக்களில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளின் வீட்டுக்கு நேரில் போவது. நேரம் இரவு ஏழரைக்கு மேல். தாய் உலை வைத்துவிட்டு வாசலில் உட்காரும் வேளை. கையில் நோட்டீஸ் வேண்டாம். ஒரு படப்புத்தகம் கொண்டுபோய்ப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தாயிடம் பேசலாம்.

சேரும் முன் ஒரு வாரம் கட்டணமின்றிப் பிள்ளையை வரவிட்டு, பாட்டியையும் வகுப்பின் ஓரத்தில் உட்கார வைக்கலாம். வாரம் ஒரு முறை ஒரு பாட்டியைக் கதை சொல்லக் கூப்பிடலாம். ஊர்க் கிணற்றடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் அன்று மாலைக்குள் அந்தச் செய்தி பரவிவிடும். பாடக்கருவிகளுக்குப் புளியங்கொட்டை, சிரட்டை, சோளத்தட்டை, சோழி போதும். எண்ணவும் பிரிக்கவும் அடுக்கவும் இவற்றைவிட நல்ல பொருள் இல்லை. தாய் தன் வீட்டில் இருக்கும் பொருளைப் பள்ளியில் பார்த்தால் படிப்பு தனக்கு எட்டாதது என்ற அச்சம் குறையும்.

அலைபேசியையும் பயன்படுத்தலாம், ஆனால் பிள்ளைகளின் முகத்தை ஊரறிய ஸ்டேட்டஸில் போடுவதற்கு அது தேவையில்லை. அன்று பிள்ளை பாடிய பாட்டை அரை நிமிடம் பதிவு செய்து அந்தத் தாய்க்கு மட்டும் அனுப்பினால் போதும். மலையில் சிக்னல் கிடைக்காது. ஜீப் இறங்கி வரும்போது ஏதோ ஒரு வளைவில் செய்தி வந்து விழும். நாள் முழுக்கக் காய் எடுத்த களைப்போடு, தாய் தன் பிள்ளையின் குரலைக் காதில் வைத்துக் கேட்பாள். பக்கத்தில் இருப்பவளும் "எங்க, குடு" என்று வாங்கிக் கேட்பாள். அவளுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும்.

கட்டணத்தை ஜூனில் மொத்தமாகக் கேட்காமல், கூலி கைக்கு வரும் முறைக்கேற்ப வாரமாகவோ மாதமாகவோ பிரித்து வாங்கலாம். வாசலில் ஒரே ஒரு பலகை வைக்கலாம். திறக்கும் நேரம், மூடும் நேரம், கட்டணம், ஆயாக்களின் எண்ணிக்கை, அங்கீகார எண் ஆகிய ஐந்தும் தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் பெரியது காலைக் கதவு. ஜீப் கிளம்பும் முன்பே திறந்து, பாய் விரித்து, தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளிலிருந்து வாங்கிப் படுக்க வைக்க ஓர் ஆயா இருந்தால், அந்த நர்சரிக்கு வேறு விளம்பரம் தேவைப்படாது. கூடுதல் செலவு ஒருவரின் சம்பளம். முப்பது பிள்ளைகள் உள்ள இடத்தில் ஐந்து பேர் ஆண்டு நடுவில் நின்றுபோனால் ஏற்படும் இழப்போடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆயாவின் சம்பளம் அப்போது பாரமாகத் தோன்றாது.

ஓர் எல்லையும் உண்டு. கட்டணம் கட்டக் கடன் வாங்க வேண்டிய வீட்டுப் பிள்ளையைப் பால்வாடியிலிருந்து இழுத்து வருவது தவறு. அந்தப் பிள்ளைக்கு அங்கே கிடைக்கும் மதியச் சோறும் முட்டையும் எந்த ஸ்மார்ட் வகுப்பையும்விட முக்கியம். அத்தகைய வீட்டில் "பால்வாடிக்கே அனுப்புங்கம்மா" என்று சொல்லும் நர்சரி டீச்சரை ஊர் மறக்காது.

முடிவு

அருகருகே வைத்துப் பார்த்ததில் தெளிவாவது இது. பிள்ளையைக் கொண்டுவருவதிலும் தக்கவைப்பதிலும் பால்வாடியின் வழியே வலுவானது; செலவும் குறைந்தது. பிள்ளை என்ன கற்றது என்பதைப் பெற்றோருக்குக் காட்டுவதில் நர்சரியின் வழி மேலானது. ஜீப்புக்கும் பள்ளிக் கதவுக்கும் நடுவே கிடக்கும் நான்கு மணி நேரத்தில் இரண்டுமே தவறுகின்றன. அந்த நேரத்தை யார் முதலில் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறாரோ அவரிடம்தான் சிலமலையின் பிள்ளைகள் போய்ச் சேர்வார்கள்.

நர்சரி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மே மாதம் பேனருக்கு ஆள் பார்க்கும் முன், ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய் அந்தப் பெண்களோடு நின்று, "பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வர்றீங்க?" என்று கேளுங்கள். உங்கள் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள்.